மல்லிகைத் தோட்டத்துக்குப் போன தேனீப் பெட்டி

என் சித்தப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் எரிச்சல் என்றால் என்னவென்று முழுதாகத் தெரியும். அப்படி வளர்ந்த பிள்ளை உலகத்தில் நான் ஒருத்திதான் என்பதால் இதை நானே எழுத வேண்டியிருக்கிறது.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. ஊரிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி எங்களுக்கு ஒரு கிணறும், அதை ஒட்டி முப்பது செண்டு மல்லிகைத் தோட்டமும், கொஞ்சம் சோளக்காடும் இருந்தன. சித்திரை பிறந்துவிட்டால் கிணறு தரையைக் காட்டிவிடும். அந்தத் தண்ணீர் எங்கள் ஒரு குடும்பத்துக்கே இழுபறிதான். சித்தப்பாவுக்கும் ஒரு கல்யாணம் ஆகி இன்னொரு அடுப்பு மூட்டினால் இரண்டு குடும்பமும் பட்டினி என்பது எட்டு வயதில் எனக்கே தெரியும். அதனால் அப்பா திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் தம்பிக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். சித்தப்பாவுக்கோ மில் என்ற பேச்சே வேப்பங்காய். காடு மேடெல்லாம் சுற்றித் திரிந்த மனிதர். நாலு சுவருக்குள் பஞ்சைத் தின்றுகொண்டு கிடக்கத் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விடுவார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சர்க்கார் திட்டங்களைச் சொல்ல ஊர் ஊராக வருகிற கிராமசேவக் சைக்கிளில் தேனீப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

அதுவரை எங்கள் பக்கத்தில் தேன் எடுப்பதென்றால் பந்தத்தைக் கொளுத்திப் பொந்துக்குள் காட்டி, ஈயெல்லாம் கருகி விழுந்த பிறகு அடையைப் பிய்த்து, புழுவும் முட்டையுமாகப் பிழிவதுதான். சித்தப்பாவே அதில் கெட்டிக்காரர். ஒரு பொந்தில் ஒருமுறை கை வைத்தால் அதோடு அது சரி. கிராமசேவக் சொன்னது வேறு மாதிரி இருந்தது. ஈயைக் கொல்லாமல் பெட்டியில் குடி வைக்கலாம். மேல் தட்டில் இருக்கிற தேனை மட்டும் எடுத்துக்கொண்டால் கீழே குடும்பம் அப்படியே இருக்கும். வருடா வருடம் எடுக்கலாம். வைகாசியில் சின்னாளபட்டிப் பக்கத்திலிருந்து தேனீ ஆபீசர் வந்து பார்ப்பார். அதுவரை ஒரு பெட்டியை உயிரோடு காப்பாற்றிக் காட்டினால் இன்னும் நாலு பெட்டி தருவார்கள்.

“நெலம் வேணாம், கெணறு வேணாம். இதுக்குன்னு பொறந்தவன்ணே நான்” என்றார் சித்தப்பா.

அப்பா நம்பவில்லை. ஆனாலும் தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி அப்பு, வைகாசி வரைக்கும் பாப்போம். ஆகலேன்னா மறு பேச்சுப் பேசாம மில்லுக்குப் போயிறணும்” என்றார்.

பெட்டி எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடிக்கு வந்தது. அன்றோடு எங்கள் நிம்மதி போனது.

நாலு கால் வைத்த ஒரு தாங்கியின் மேல் பெட்டி. எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கொட்டாங்குச்சி. அந்த நாலு கொட்டாங்குச்சியிலும் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது என் வேலை என்று என்னைக் கேட்காமலேயே முடிவு செய்யப்பட்டது. கொல்லையில் ஓடக்கூடாது. கை தட்டக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகக்கூடாது, வாசனைக்கு ஈ கலைந்துவிடும். அடுப்பில் மிளகாய் வறுக்கக்கூடாது, நெடி ராணிக்கு ஆகாது. ராணி என்று ஒருத்தி அந்தப் பெட்டிக்குள் இருப்பதாகவும், அவளைச் சித்தப்பா ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மிளகாய் வறுக்காமல் ஒரு மாதம் வெஞ்சனம் வைத்த அம்மா கடைசியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, “கட்டுன புருசனுக்கே நான் இம்புட்டு அடங்கி நடக்கல தம்பி” என்றாள். சித்தப்பா அதையும் மெதுவாகப் பேசச் சொன்னார்.

ஆனால் ஈக்கள் நன்றாகத்தான் இருந்தன. முருங்கை அப்போது இலை தெரியாமல் பூத்திருந்தது. பக்கத்துத் தென்னைகளில் பாளை வெடித்திருந்தது. காலையில் பெட்டி வாசலில் சந்தைக் கூட்டம் மாதிரி இருக்கும். சித்தப்பா பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சோறு போடவேண்டுமென்றால் யாராவது போய்த் தோளைத் தட்டவேண்டும்.

பங்குனியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. கடவுள் வாழ்த்துப் பாட வாத்தியார் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். வகுப்பில் இத்தனை பேர் இருக்க என்னை. பத்து நாள் அதைப் பாடிப் பாடி வீட்டில் எல்லோரையும் ஒரு வழி பண்ணியிருந்தேன். அன்று காலையில் குளித்து, பாவாடை கட்டி, ரிப்பன் வைத்துப் பின்னிக்கொண்டு, கிளம்புகிற நேரத்தில் கொட்டாங்குச்சிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மேல் உதட்டில் ஒரு ஈ கொட்டியது. செத்த நேரத்தில் உதடு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. சித்தப்பா ஓடி வந்தார். என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். “ஐயோ, கொட்டுன ஈ செத்துப் போயிருமே ஆத்தா” என்றார்.

பாட்டை வேறொருத்தி பாடினாள். இரண்டாவது அடியிலேயே தப்பு விட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெட்டியை வீட்டைவிட்டுத் துரத்தியே தீருவதென்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அழுதால் நடக்காது, அம்மா கரண்டியைப் போட்டே நடக்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு சாயங்காலம், வீங்கின உதடு வற்றின பிறகு, சித்தப்பாவிடம் போய் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்: “சித்தப்பா, முருங்கைப் பூவுல எடுத்தா முருங்கைத் தேனு. நம்ம மல்லியத் தோட்டத்துல கொண்டுபோயி வச்சா மல்லியத் தேனுதான? மணக்கும்ல?”

சித்தப்பா அப்படியே என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். டீக்கடையில் சொன்னார். பூக்கூடை ஏற்றுகிற பஸ் நிறுத்தத்தில் சொன்னார். “எங்கண்ணன் மக யோசனைய்யா! ஒருத்தனுக்காவது தோணுச்சா?” என்று கேட்டார். ஒருத்தருக்கும் தோன்றியிருக்கவில்லை. கேட்ட அத்தனை பேரும் மல்லிகை வைத்துப் பிழைக்கிறவர்கள். அத்தனை பேரும் ஆகா என்றார்கள். மல்லிகைத் தேனை மதுரையில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று அவரவருக்குத் தெரிந்தபடி பேசினார்கள். அப்பாவே மீசையைத் தடவிக்கொண்டு, யோசனை நல்லாத்தான் இருக்கு என்றார். நான் கொஞ்ச நாள் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன். பெட்டியைத் துரத்துவதற்காகச் சொன்னது என்பதை நானே மறந்துவிட்டேன். உண்மையிலேயே நான் புத்திசாலிதான் என்று பட்டது.

இருட்டுகிற நேரத்தில் ஈயெல்லாம் உள்ளே அடைந்த பிறகு பெட்டி வாசலைத் துணியால் அடைத்து, சித்தப்பா அதைத் தலையில் தூக்கிக்கொண்டார். முன்னால் நான் நடந்து வண்டித்தடத்தில் இருக்கிற ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் சொல்லிக்கொண்டே போகவேண்டும். ஒன்றரை மைலும் அவர் கழுத்தைத் திருப்பவில்லை.

எங்கள் தோட்டம் சுத்தத்துக்குப் பேர் போனது. விடிவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் சித்தப்பாவும் நானுமாக வரிசை பிடித்து இறங்கிவிடுவோம். எங்கள் அம்மா பறித்த செடியில் இன்னொருத்தர் வந்து ஒரு மொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. நான் ஒன்றைத் தப்ப விட்டால் மண்டையில் குட்டு விழும். வெயில் ஏறுவதற்குள் கூடை பஸ்ஸில் ஏறியிருக்கும். பூ வேலை செய்கிற எல்லோருக்கும் பழக்கமான விஷயம் இது, சொல்வதற்கே ஒன்றுமில்லை.

சித்திரை முழுக்கப் பெட்டி அங்கேதான் இருந்தது. சுற்றிலும் மற்றவர்களின் மல்லிகைத் தோட்டங்கள், அதற்கு அப்பால் காய்ந்த கரடு. கொட்டாங்குச்சிக்குத் தண்ணீர் ஊற்ற நான் சாயங்காலம் இன்னொரு தடவையும் ஒன்றரை மைல் நடக்கவேண்டியதாயிற்று. பெட்டியைத் துரத்தியதில் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான். வாசலில் சந்தைக் கூட்டம் குறைந்தது. வெக்கைக்கு ஒடுங்கியிருக்கிறது என்றார் சித்தப்பா. பிறகு, தேனைச் சேர்த்து வைத்துவிட்டு இளைப்பாறுகிறது என்றார். திறந்து பார்க்கலாம் என்றால், மணம் போய்விடும், ஆபீசர் கையால்தான் திறக்கவேண்டும் என்றார். சொன்னால் கேட்கிற மனிதரா?

வைகாசியில் ஆபீசர் வந்தார். கதர் சட்டை போட்ட ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர். நான் அன்றைக்கும் பாவாடை கட்டி ரிப்பன் வைத்துப் பின்னிக்கொண்டு போயிருந்தேன். இந்தத் தடவை உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். ஆபீசர் மூடியைத் திறந்தார். அடை கட்டியிருந்த மரச் சட்டத்தை இரண்டு விரலால் தூக்கிவிட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடை வெளுத்து, மறுபக்கம் தெரிகிற மாதிரி இருந்தது. ஒரு மூலையில் கையளவு ஈ ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் சட்டத்தை உள்ளே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் நடந்தார். ஒரு செடியில் குனிந்து இலையை விலக்கிப் பார்த்தார். அடுத்த செடியில் பார்த்தார். வரிசைக் கடைசி வரை போனார். மணத்தை அனுபவிக்கிறார் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்து ஒரு சிரிப்போடு கேட்டார்: “பெட்டிய இங்க வைக்கலாங்கிறது யாரோட யோசனைப்பா?”

எவ்வளவு நாளாக நான் காத்திருந்த கேள்வி! ஒரு எட்டு முன்னால் வந்தேன். சித்தப்பா என்னைப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டி என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

“நாந்தேன் சார். யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்கல. நானாத்தேன் கொண்டாந்து வச்சேன்.”

டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், கோவில் வாசலில் எல்லாம் என் பேரைச் சொன்ன மனிதர், சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லவேண்டிய நேரத்தில் என் யோசனையைத் திருடிக்கொண்டார். நான் அங்கே ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. அழுதுகொண்டே ஒன்றரை மைலும் ஓடினேன். அதனால் ஆபீசர் அதற்கப்புறம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு நாளில் மிச்சமிருந்த ஈயும் போய்விட்டது. காலிப் பெட்டி பூக்கூடைகளோடு பஸ் ஏறித் திரும்பிப் போயிற்று. ராணி கோவித்துக்கொண்டு போய்விட்டாள் என்றார் சித்தப்பா. எல்லோரும் கேட்கும்படி நான் சொன்னேன்: “பொய் சொல்ற ஆளுகிட்ட ராணி எப்பிடி இருக்கும்?” அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். இத்தனை நாள் அந்த ஈயைத் திட்டித் தீர்த்தவள் இப்போது யார் பக்கம் பேசுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. “விடு மதினி, சரியாத்தான கேக்குறா” என்றார் சித்தப்பா. அப்பா அன்றைக்கே மில்லுக்கு ஆள் அனுப்பினார்.

ஏழெட்டு வருஷம் கழித்து, திண்டுக்கல்லில் என்னோடு படித்த ஒரு பெண் லீவுக்கு எங்கள் ஊருக்கு வந்தாள். அவள் வாப்பாவுக்குத் தோல் வியாபாரம். டவுனை விட்டு வெளியே வராத பெண். மல்லிகைத் தோட்டம் பார்க்கவேண்டுமென்று வழியெல்லாம் நச்சரித்தாள். மத்தியானம் கூட்டிப் போனேன். வரப்பில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “ஏன்டி, பூந்தோட்டம்னு சொன்ன, ஒரு பூவக் கூடக் காணோம்?” என்றாள்.

எனக்கு ஒரே சிரிப்பு. “இங்க எப்பிடிடி பூ இருக்கும்? பூக்கவிட்டா நாங்க பொழைக்கிறது எப்பிடி? மொட்டுலயே பறிச்சிருவோம்” என்றேன். சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அதற்குப் பிறகு என்னென்னவோ கேட்டாள். நான் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முப்பது செண்டிலும் ஒரு பூக் கூட விரியாத தோட்டத்தில் ஒரு மாதம் ஈயைப் பட்டினி போட்டிருக்கிறோம். பரம்பரையாய்ப் பூவோடு புழங்குகிற ஊரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. தேனீக்குப் பூ வேண்டும் என்று நினைத்தோமே தவிர, எங்களிடம் பூ இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அதற்கடுத்த பொங்கலுக்கு மில்லிலிருந்து வந்த சித்தப்பாவிடம், பெட்டியை வைத்தது யார் யோசனை என்று ஆபீசர் கேட்டபோதே உங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டதா என்று கேட்டேவிட்டேன். தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. இருமிக்கொண்டே, “எந்தப் பெட்டித்தா?” என்றார். மறந்தாற்போல நடிக்கவும் தெரியாத மனிதர். அத்தோடு எழுந்து போய்விட்டார். அவரைக் கட்டிக்கொண்டு அழவும் வழியில்லை, சண்டை போடவும் வழியில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

பெட்டி போன அந்த வருஷம் அவர் முதன்முதலாக மில்லுக்குப் போன அன்று காலை, பூக்கூடை ஏற்றுகிற பஸ்ஸிலேயே போனார். அம்மா பிடித்துத் தள்ளாத குறையாக என்னை நிறுத்தம் வரை கூட்டி வந்திருந்தாள். சித்தப்பா கையில் ஒரு துணிப்பை, காலில் புதுச் செருப்பு. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “போயிட்டு வாரேன் ஆத்தா” என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடைகளைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை, அது உன் யோசனைதான், நான்தான் பொய் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும், திரும்பிப் பார்த்திருப்பேன். பஸ் கிளம்புகிற வரைக்கும் காது கொடுத்துக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. இந்த மனிதருக்கு எவ்வளவு கொழுப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.