விரல் பிடிக்கிற வேலை

எங்கள் தொழிலுக்குப் படிப்பைவிட ஈரத்துணிதான் முக்கியம். வடமதுரைக் கடைவீதியில் என் மருமகள் ஸ்டெல்லா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். பட்டன் தட்டுவது அவள். வருகிறவர்களின் விரலைத் துடைத்து ரேகை மிஷினில் வைத்து அமுக்குவது, எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான். அரசாங்கம் விவசாயிகளுக்குத் தவணையாகப் போடும் ரெண்டாயிரம் நிற்காமல் வர வேண்டுமென்றால், ஆள் இன்னார்தான் என்று மிஷின் ஒத்துக்கொள்ள வேண்டும். நீங்களும் எங்கேயாவது விரலை வைத்துவிட்டுச் சிவப்பு விளக்கை முறைத்தவர்தானே? அப்போ என் பாடு புரியும்.

துண்டுக்குள்ளே

அய்யலூர் சந்தையில் ஆட்டை விற்ற கையோடு ஒரு பெரியவர் வந்தார். நான் விரலைப் பிடித்ததுதான் தாமதம், தோள்துண்டை உருவி எங்கள் ரெண்டு கைமேலும் போட்டு மூடிவிட்டார். அந்தச் சந்தையில் துண்டுக்குள் விரலைத் தொட்டுத்தான் விலை பேசுவார்கள். அந்தப் பழக்கம்!

“அண்ணே, இது ரேகை வைக்கிற எடம்” என்று துண்டை விலக்கினேன். அவர் விடவில்லை.

“மூடு அப்பு, பக்கத்துல நிக்கிறவன் பாத்தா வெலையைக் கெடுத்துருவான்!”

பத்து விரலும் பெயில்

சவரியம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. வருகிற தவணையில்தான் கடலை விதை வாங்க வேண்டும். மற்ற நாளெல்லாம் நத்தம் பக்கம் புளி தட்டப் போவார். ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, பத்து விரலும் கூழாங்கல் மாதிரி வழவழவென்று கிடந்தன.

சோப்புப் போட்டுக் கழுவினோம். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப்பசை ஏற்றினோம். எல்லா விரலுக்கும் சிவப்புதான். “ஓடிபி வர்ற போன் இருக்கா பெரியம்மா?” என்றாள் ஸ்டெல்லா. அது போன வருசமே கிணற்றில் விழுந்துவிட்டதாம். மாசக் கடைசிக்குள் ரேகை ஏறாவிட்டால் தவணை நின்றுவிடும் என்று சொன்னேன். சவரியம்மா மிஷினை ஒரு பார்வை பார்த்தார்.

“வெளியூரு மிசினா இருக்கும்ணே. நம்மூர்ல என்னையத் தெரியாதுன்னு யாரு சொல்லுவா?”

மாசக் கடைசி

கெடுவுக்கு முந்தின நாள் மறுபடி வந்தார். ரெண்டு கையிலும் பழைய சேலைத்துணி சுற்றியிருந்தது. “காயமா தாயி?” என்று பதறினேன். சுற்றைப் பிரித்தார். தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. துடைத்து, வலது கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. இடது கட்டைவிரல். அதுவும் சிவப்பு. ஸ்டெல்லா கண்ணை மூடி சிலுவை போட்டுக்கொண்டாள். மோதிர விரலை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன்.

பச்சை!

ஸ்டெல்லா போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அப்படி என்ன வைத்தியம் பண்ணுனீங்க?” என்று கேட்டேன்.

“வைத்தியமெல்லாம் இல்லண்ணே. புளி தட்டப் போகலை, ஏனம் வெளக்கலை. பதினஞ்சு நாளு வெரலைத் தரிசு போட்டேன். மண்ணே தேறுது, வெரல் தேறாதா?”

பட்டா, ஆதார், பாஸ்புக் அம்புட்டையும் கேட்கிற மிஷின், இவர் விவசாயிதான் என்பதற்கு அந்த ஒரு பேச்சைக் கேட்டிருந்தால் போதாதா என்பதுதான் இந்த எட்டாம் வகுப்புக்காரனின் சந்தேகம்.