எந்தப் பக்கத்தில் தூங்கினேன்

அலமாரியைத் திறந்ததும் எழுந்த அந்துருண்டை வாசனையில், மேம்பாலம் வந்தபோது காணாமல்போன உக்கடத்து வாடகைப் புத்தகக் கடைக்குள் மறுபடி நின்றேன். பஸ் ஹாரன்களுக்கு நடுவே, புத்தகத்தைத் திருப்பித் தருபவர்களிடமெல்லாம் கடைக்கார அண்ணன், "எந்தப் பக்கத்துலீங்க தூங்கிப்போட்டீங்க?" என்று கேட்டு, பதிலுக்கேற்ப அடுத்ததை எடுத்துக் கொடுப்பார். என்னிடமும் கேட்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், முதல் பக்கத்திலேயே தூங்கியதை எப்படிச் சொல்வேன்?

"தூங்கவே இல்லீங்ண்ணா."

"அட, அம்மணி கலெக்டராயிருமாட்ட இருக்குதே!" என்று சிரித்தபடி, இன்னும் தடித்த சரித்திரப் புத்தகமாகத் தருவார். மற்ற பிள்ளைகள் பேய்க்கதைகளோடு ஓடுவதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே அதைச் சுமந்துபோவேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடிக்க அந்த மனிதருக்கு நான் ஒரு வழியும் விடவில்லை.