மிச்சம் வைத்த மருந்தும் மாயாண்டியின் கோழிகளும்

முதல் அறிகுறி நாக்கில்தான் தெரிந்தது. மோர்ச்சோற்றை ஒரு வாய் வைத்தேன், மண்ணைத் தின்றது போல இருந்தது. அன்று சாயங்காலம் பிடரியில் வலி ஏறியது. மறுநாள் காய்ச்சல். என் மகள் பூரணிக்கு அப்போது ஏழு மாதம், பால்குடி மறக்காத பிள்ளை.

எங்கள் போடிநாயக்கனூரில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அதற்கு மலைக்காய்ச்சல் என்றுதான் பெயர். ஏலமலைக்கு ஏறி இறங்குகிற ஊர் அல்லவா, வேறு காய்ச்சலும் உலகத்தில் உண்டு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் ஒரு வருடமாக மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று கம்பவுண்டரிடம் சொன்னேன். "ஒங்க வீட்டுக்காரரு அங்கனதான இருக்காரு" என்று சொல்லி, மலேரியாவுக்குத் தருகிற கொயினா மாத்திரையைக் கையில் கொடுத்தார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

என் கணவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எழுத்து வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜீப்பில் இறங்கி வருவார். வீட்டில் நானும் பூரணியும் என் மாமியாரும் மட்டும். மாமியாரை நான் அத்தை என்றே கூப்பிடுவேன். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஒரு வாரம் கொயினா தின்று காது இரைந்ததே தவிர காய்ச்சல் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் டாக்டர் என்னை நேரில் பார்த்தார். டைபாய்டு (குடலில் புண் உண்டாக்கும் நீண்ட காய்ச்சல்) என்றார். அதற்கென்று புதிதாக வந்திருக்கும் குளோரம்பெனிகால் என்ற கேப்சூலை மதுரையிலிருந்து வரவழைத்தார்.

"ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, பதினாலு நாளைக்கு. காய்ச்சல் எறங்கினாலும் நிறுத்தக் கூடாது. அதுவரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்காதீங்க."

"பதினாலு நாளா?"

"பதினாலு நாளுதான். அதுல பேரம் பேசாதீங்க டீச்சர்."

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. உடம்பு லேசானது, தலை தெளிந்தது. மார்பு மட்டும் கட்டிப்போய்க் கல்லாய்க் கனத்தது. அடுத்த அறையில் பூரணி அழுதுகொண்டே இருந்தாள். பசும்பாலைச் சங்கில் புகட்டினால் துப்பினாள். அவள் அழ ஆரம்பித்தால் எனக்கு இங்கே ரவிக்கை நனையும். ஐந்து நாள் பொறுத்தேன். ஆறாம் நாள் காலையில் கேப்சூல் புட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

வாசகர்கள் இந்த இடத்தில் என்னைத் திட்டலாம். தாராளமாகத் திட்டலாம். ஆனால் அந்தக் காலையில் அவள் ஒரு கையால் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குடித்தபோது நான் அழுதேன், அந்த ஒரு வேளைக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன். இதையும் எழுதாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது உங்களுக்கு விளங்காது.

புட்டியில் முப்பத்தாறு கேப்சூல் மிச்சம். கடல் தாண்டி வந்த மருந்து, தூக்கி எறிய மனம் வரவில்லை. எதையும் வீணாக்காதே என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே பழகிய வாய் என்னுடையது.

எங்கள் தெரு முனையில் மாயாண்டி அண்ணனின் கோழிக்கடை. மலையடிவாரத்தில் குரங்கணி வரைக்கும் போய்க் கோழி வாங்கி வந்து, மூங்கில் கூடைகளில் அடைத்து உயிரோடு விற்பார். ஒரு கூடைக்குள் பத்துக் கோழி, ஒன்றின் எச்சம் இன்னொன்றின் முதுகில். அந்த வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு முட்டை கொண்டுவந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"கழிச்சல் வந்து பூராம் சாயுதுக டீச்சரம்மா. காலைல மூணு, இப்ப ரெண்டு. என்ன செய்யன்னே தெரியல."

நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்கே தோன்றியது, நானே கொடுத்தேன். "கழிச்சலுக்கு நல்ல மருந்து, குருணையில கலந்து வைங்க" என்று செய்முறையும் சொல்லிக்கொடுத்தேன்.

பாதிக் கோழி பிழைத்துவிட்டது. மாயாண்டி அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நன்றிக்கடனாகத் தினம் இரண்டு முட்டை கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்கு எங்கள் பக்கத்தில் பச்சை முட்டைதான் கொடுப்பார்கள். அத்தை அதை நல்லெண்ணெயில் அடித்து எடுத்துக்கொண்டு வந்து, குடித்து முடிக்கும்வரை தலைமாட்டில் நிற்பார். "மூக்கப் பிடிச்சுக்கிட்டு வெரசாக் குடி ஆத்தா. பால் நல்லாச் சொரக்கும்." பால் என்ற சொல் போதும், நான் குடித்துவிடுவேன்.

மூன்று வாரம் குடித்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது வயிற்றை யாரோ ஈரத்துணி போல முறுக்கினார்கள். மதியத்துக்குள் எட்டு முறை வயிற்றுப்போக்கு. மாலையில் பல் கிட்டுகிற குளிர்க்காய்ச்சல்.

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, டைபாய்டு திரும்பியிருக்கலாம் என்றார். முதல்முறை மருந்தை முடித்தீர்களா என்று கேட்டார். முடித்தேன் என்றேன். ஆமாம், பொய் சொன்னேன். அதே கேப்சூல் மறுபடி வந்தது. இந்த முறை பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். ஒழுங்காகச் சாப்பிட்டபோது அது வேலை செய்யவில்லை. காய்ச்சல் அசையவே இல்லை. ஏழாம் நாள் மலத்தில் ரத்தம் வந்தது.

என் கணவருக்கு ஜீப் டிரைவர் மூலம் சொல்லி அனுப்பியதும் அவர் இறங்கி வந்தார். கார் கிடைக்காமல், ஏலக்காய் லோடு ஏற்றிய லாரியின் முன்சீட்டில் என்னைக் கிடத்தி மதுரைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அந்த வாசனை. அதற்குப் பிறகு ஏலக்காய் போட்ட பாயசத்தை என்னால் தொட முடிந்ததில்லை. ஏலக்காய் விளைகிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பூரணி அத்தையிடம் இருந்தாள்.

மதுரையில் என்னைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். மூக்குக் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். ரத்தமும் மலமும் எடுத்துக் கல்ச்சர் (கிருமியைத் தட்டில் வளர்த்து இன்னதென்று கண்டுபிடிக்கும் சோதனை) செய்யச் சொன்னார். நான்கு நாள் கழித்துக் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"இது டைபாய்டு இல்லம்மா. சால்மொனெல்லா (டைபாய்டுக் கிருமிக்குப் பங்காளி முறை, கோழி, முட்டை வழியாகவும் வரும்). தட்டுல மருந்த வெச்சா அதச் சுத்திக் கிருமி வளரக் கூடாது. ஒங்களோடது மருந்த ஒட்டியே வளர்ந்திருக்கு. நான் இப்படிப் பாத்ததே இல்ல. முட்டை ஏதும் பச்சையாச் சாப்பிட்டீங்களா?"

"தினம்."

"முன்னாடி காய்ச்சலுக்கு மருந்து முழுசாச் சாப்பிட்டீங்களா?"

இந்த முறை பொய் சொல்லத் தெம்பில்லை. "அஞ்சு நாள்தான் டாக்டர்."

"மிச்சத்த?"

"கோழிக்குக் குடுத்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "எந்தக் கோழிக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். முட்டை போட்ட கோழிக்கே கொடுத்திருக்கிறேன் என்பது, அதை என் வாயால் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. மருந்தில் சாகாமல் தப்பித்த கிருமி கோழிக்குள் பெருகியிருக்கலாம் என்றார். "உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அப்படித்தான் இருக்கும்னு தோணுது. இனி அந்த மருந்து ஒங்களுக்கு ஆகாது. உப்புத்தண்ணி ஏத்தறோம். மத்தத ஒங்க ஒடம்புதான் பாத்துக்கணும்."

உடம்பு பார்த்துக்கொண்டது, அவசரமே இல்லாமல். நரம்பில் உப்புநீர், வாயில் கஞ்சித்தண்ணீர். மூன்றாம் வாரம்தான் காய்ச்சல் விட்டது. விட்ட கையோடு இரண்டு முழங்காலும் பூசணிக்காய் போல வீங்கின. குடல் கிருமிக்குப் பிறகு சிலருக்கு இப்படி மூட்டு வீங்குமாம். கக்கூசுக்குப் போக ஆஸ்பத்திரி ஆயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எனக்கு அப்போது வயது இருபத்தாறு.

இத்தனைக்கும் நடுவில் நான் ஒரு வேலையை விடவில்லை. நாளுக்கு நான்கு முறை பாலைப் பீய்ச்சிப் பீங்கான் கிண்ணத்தில் எடுத்து ஊற்றிவிடுவேன். பீய்ச்சாவிட்டால் வற்றிவிடும், வற்றினால் பூரணிக்கு என்னிடம் வர ஒரு காரணமும் இருக்காது என்று எனக்குள் ஒரு பயம். முதலில் அரைக் கிண்ணம் வந்தது. பிறகு அடி நனைகிற அளவு. "எதுக்குத்தா ஒடம்பப் போட்டு வருத்துற?" என்றார் ஆயா. எனக்குக் கோபம் வந்தது. கிண்ணத்தை மட்டும் கழுவித் தாருங்கள் என்றேன்.

ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆலோசனை கொண்டுவந்தார்கள். திருஷ்டி என்றார் ஒருவர். மலைக்காய்ச்சலைச் சரியாகக் கவனிக்காததால் வந்தது என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்கா பஸ்ஸில் மடியில் வைத்துப் பத்திரமாக ஒரு பொட்டலம் கொண்டுவந்து பிரித்தார். மாயாண்டி கடை முட்டை, ஆறு. "பாவம், ஒனக்குன்னு அண்ணே குடுத்து விட்டாரு." சிரிப்பதா, அதைச் சுவரில் எறிவதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா போன பிறகு டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சோதனைக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கிருமியேதான் இருந்தது.

காய்ச்சல் விட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அதுவும் நடக்கவில்லை. நோய் போன பிறகும் கிருமி குடலில் தங்கியிருக்கும், கைக்குழந்தைக்கு ஒட்டினால் ஆபத்து, மூன்று சோதனை அடுத்தடுத்துச் சுத்தமாக வரவேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளரோடு இருந்தேன். முதல் சோதனை சுத்தம். இரண்டாவதில் கிருமி. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு ஒரு வலியும் இல்லை, பசித்தது, நடந்தேன், ஆனால் என் பிள்ளையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. ஒரு நாள் காலையில் பீய்ச்சிப் பார்த்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. கிண்ணத்தை நானே கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஒருவழியாக மூன்று சோதனையும் சுத்தமாக வந்தபோது நான் பிள்ளையைப் பிரிந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாயாண்டி அண்ணன் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். கூடைகள் நிறைந்திருந்தன. எல்லாக் கோழியும் கொழுகொழுவென்று கொண்டையை ஆட்டிக்கொண்டு நின்றன.

"வாங்க டீச்சரம்மா! பாத்தீகளா, ஒங்க புண்ணியம். இப்ப ஒண்ணுகூடச் சாகுறதில்ல. கம்பவுண்டரு மாசாமாசம் அந்தக் கேப்சூல வாங்கித் தர்றாரு. நோவு இருக்கோ இல்லையோ, தீனியில போட்டுர்றேன்."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சோதனையில் வந்ததைச் சொன்னேன். கூடையைத் தினம் கழுவுங்கள், மருந்தை நிறுத்துங்கள், வாங்குகிறவர்களிடம் நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள் என்றேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு ஒரு கோழியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நோவாளிக் கோழி இப்படியா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

எனக்குப் பதில் இருந்தது. கோழிக்கு ஒன்றும் செய்யாத கிருமி மனிதரைப் படுக்கப் போடும் என்று மறுபடியும் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், காய்ச்சல் இன்னும் தலையை விட்டு இறங்கவில்லை என்பது போல. கோழிக்கு மருந்து போடுவதை அவர் இன்றுவரை நிறுத்தவில்லை. எங்கள் தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நான் போய் நின்று, முட்டையை அவித்துக் கொடுங்கள், மருந்தை முடித்துவிடுங்கள் என்கிறேன். டீச்சருக்கு அந்த நோயிலிருந்து இப்படி ஆகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். இந்தக் கட்டுரையைப் படிக்கிற நீங்களாவது கேட்டால் போதும்.

நான் ஊர் திரும்பிய அன்று வீட்டு வாசலில் அத்தை பூரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பல் நான்கு முளைத்திருந்தது. கொலுசு போட்டிருந்தார்கள், எனக்குத் தெரியாது. கை நீட்டினேன். அத்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அம்மாடா, அம்மாகிட்டப் போ" என்று அத்தை, திண்ணையில் உட்கார்ந்த என் மடியில் வலுக்கட்டாயமாக விட்டார். பால் இல்லை என்று தெரிந்தும் ரவிக்கையை விலக்கினேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அது எதற்கு என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. மெல்ல இறங்கி, அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் நிற்பாள் என்று எனக்கு யாரும் எழுதவில்லை.

இப்போது அவள் தெருவெல்லாம் ஓடுகிறாள், என்னிடம் சண்டை போடுகிறாள், என்னோடுதான் தூங்குகிறாள். மாடிப்படி ஏறினால் என் முழங்கால்தான் முதலில் பேசும். யாராவது பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால் நான் இரண்டரை மாதம் குறைத்துச் சொல்கிறேன். பக்கத்தில் இருந்தால் என் கணவர் திருத்துகிறார். அவர் கணக்கு சரிதான். நான் பார்த்த வயதைத்தான் நான் சொல்கிறேன்.