"மெதுவா வா" என்று கத்திய றெஜினா அன்ரி

"வால்தம்ஸ்டோ கடையொன்றைப் பிறப்பிடமாகவும், எங்கள் மினி பஸ்ஸின் பின் இருக்கையை வதிவிடமாகவும் கொண்ட இடது கையுறை அவர்கள் நேற்றுத் தொலைந்துபோனார். அன்னார் வலது கையுறையின் பாசமிகு துணைவரும், ஒலிவரின் ஐந்து விரல்களின் அன்புக் காவலரும் ஆவார். உற்றார் உறவினர் குளிரைத் தாங்கிக்கொள்ளவும்."

எங்கள் கல்லூரிப் பனிச்சறுக்கு அணியின் வட்ஸ்அப் குழுவில் இதைத் தமிழிலும், தமிழ் தெரியாத ஒலிவருக்காக ஆங்கிலத்திலும் போட்டுவிட்டு, பஸ் தரிப்பில் நின்று சிரிப்பு முகங்களுக்காகக் காத்திருந்தேன். அதற்குக் கீழே அணித்தலைவன் தர்ஷனின் செய்தி வந்தது. "அம்மா போயிட்டா." எங்கே என்று கேட்க விரல் எடுத்தேன். பிறகு விளங்கியது. றெஜினா அன்ரிக்கு மாரடைப்பு, வேலைக்குப் போகிற வழியில். என் அறிவித்தலை உடனே அழித்தேன். ஆனால் அழித்த இடத்தில் அழிக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கும். அது இன்னும் தர்ஷனின் செய்திக்கு மேலேதான் நிற்கிறது.

இந்த நினைவு மலருக்கு எழுதும்படி தர்ஷன் கேட்டபோது, பகிடி விடாமல் எனக்கு எழுத வராதே என்றேன். "பகிடி இல்லாட்டி அது நீ எழுதினது எண்டு அம்மா நம்பமாட்டா" என்றான்.

நோர்பரித் தேவாலயப் பங்கு மக்களாகிய உங்களுக்கு றெஜினா அன்ரி பாடகர் குழுவின் உரத்த குரல். எங்களுக்கு அவர் சரிவின் அடிவாரத்தில் குடையோடு நிற்கும் ஆள். லண்டனில் பனி விழுந்தால் அது காலையுணவுக்கு முன்னரே சேறாகிவிடும். ஆகவே நாங்கள் ஓடுவது குன்றின்மேல் விரித்த பிளாஸ்டிக் பாயில். தூரிகை மயிர் போலக் குத்துகிற, கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள பாய். விழும்போது பெருவிரல் அந்த ஓட்டைக்குள் போனால் முறியும். அன்ரி சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியதே இல்லை. ஆனால் அந்த ஓட்டைகளைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகம் யோசித்தவர் அவர்தான். மருந்துக்கடை ஷிப்டை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு போட்டிக்கும் வருவார். "ஒரே பிள்ளை. அவனைக் குன்றில விட்டுட்டு வீட்டில இருந்து நான் என்னத்தைச் செய்ய?"

மற்றவர்களின் அம்மாமார் வேகமாக வரச்சொல்லிக் கத்துவார்கள். அன்ரி "மெதுவா வா, மெதுவா" என்று கத்துவார்.

"அம்மா, இது ரேஸ். மெதுவா வாறதுக்கு ஆர் மெடல் தாறது?" என்று தர்ஷன் ஒருநாள் சினந்தான்.

"முழுசா வாறதுக்கு நான் சோறு தாறன்."

"மெதுவா" என்றால் என்ன அர்த்தம் என்று ஒலிவர் என்னிடம் கேட்டது அவனுடைய துரதிர்ஷ்டம். பறந்து வா, எதிரியைப் பொடியாக்கு என்றேன். அடுத்த போட்டியில் அணி முழுவதும் தொண்டை கிழிய "மெதுவா" என்று முழங்கியது. தர்ஷன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, சிரிப்பை அடக்குவதே அவனுக்கு வேலையாக இருந்தது. அன்ரி நெகிழ்ந்துபோனார். "இந்த வெள்ளைப் பிள்ளையளுக்கு எவ்வளவு பொறுப்பு. உங்கள் ரெண்டு பேருக்கும்தான் இல்லை."

போன குளிர்கால இறுதிப்போட்டியில் காலையிலிருந்தே பனிமழை. பாயில் அங்கங்கே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. காற்றில் கம்பங்கள் வளைந்து நின்றன. முதல் சுற்றிலேயே ஒரு பெண் விழுந்து பெருவிரலை முறித்துக்கொண்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனதை அன்ரி பார்த்தார். நடுவரிடம் போய், "பிள்ளையளை ஓட விடுற நாளா இது?" என்று தமிழிலேயே கேட்டார். அவர் ஏதோ வாழ்த்து என்று நினைத்து நன்றி சொன்னார்.

அது அஞ்சலோட்டம். இரண்டு அணிகள் பக்கத்துப் பக்கத்தில், கம்பங்களைச் சுற்றி ஓடும்; ஒரு கம்பத்தைத் தவறவிட்டாலும் தோல்வி. முன்னவர் கோட்டைத் தாண்டினால்தான் அடுத்தவர் புறப்படலாம். தர்ஷன் எனக்கு முன்னால், நான் கடைசி. பாதி வழியில் உறைந்த இடத்தில் விழுந்து, கை பாயில் தேய உருண்டான். கீழே குடை பறந்துபோனது. அவன் எழுந்தான், கோட்டைத் தாண்டினான். அன்ரி ஓடிவந்து அவனுடைய கையுறையைக் கழற்றி விரல் விரலாகத் தடவியதை மேலிருந்து பார்த்தபடியே நான் புறப்பட்டேன்.

அவருடைய பிள்ளை வந்து சேர்ந்துவிட்டான். அத்தோடு அவர் போட்டியை மறந்திருக்கலாம். ஆனால் அவனுடைய கையை விடாமலே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக் கத்தினார். "தம்பி, மெதுவா வா ராசா." அணி முழுவதும் அதையே கத்தியது. அத்தனை பேரும் நான் சொல்லிக்கொடுத்த பொய்யைக் கத்த, ஒரே ஒருவர்தான் அந்தச் சொல்லை மனதறிந்து சொன்னார். நான் மெதுவாகவே வந்தேன். எனக்கு முன்னே பறந்த எதிரணிப் பையன் அதே உறைந்த இடத்தில் வழுக்கி, கம்பத்தைத் தவறவிட்டான். நாங்கள் வென்றோம்.

அன்றிலிருந்து நான் அதை நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பனியின் போக்கைக் கணித்தேன், எதிரி விழுவான் என்று தெரிந்தே வேகத்தைக் குறைத்தேன், அது ஒரு தந்திரம் என்றெல்லாம். உங்களில் சிலர் கோயில் வாசலில் இதைக் கேட்டுக் கைகூடக் குலுக்கினீர்கள்.

கோட்டைத் தாண்டியதும் அன்ரி என் விரல்களையும் தடவிப் பார்த்தார். "பயந்தனியே?"

"சீ, இல்லை அன்ரி."

"நான் சரியாப் பயந்து போனன்" என்றார். எதிரணி, நடுவர், தன் மகன் எல்லோருக்கும் முன்னால், ஒளிக்காமல். அப்படிச் சொல்ல ஏலும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

கணிப்பும் இல்லை, தந்திரமும் இல்லை, அன்ரி. எனக்கு வேகமாக வர ஏலவில்லை. சறுக்குக் கண்ணாடிக்குள் அழுதுகொண்டுதான் வந்தேன். நானும் பயந்தனான்.