காலைத் தூக்கி வையுங்க

சுனாமிக்கு அடுத்த வருஷம், பாண்டிச்சேரியில் புதிதாகத் திறந்த நாலு மாடிக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. துணி மடிக்கும் வேலை என்று நினைத்துத்தான் போனேன். முதல் மாடியில் எஸ்கலேட்டர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஏறி வருகிற படி தரைக்குள் போய் மறையும் இடம் அது. அங்கே சீப்பு மாதிரி இரும்புப் பல் வரிசை இருக்கும். "புடவையைத் தூக்கிப் பிடிங்க, குழந்தை கையைப் பிடிச்சிக்குங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது மாட்டிக்கொண்டால் ஓரத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும்.

"சும்மா அமுக்கிடாதம்மா. படியில நிக்கிறவங்க எல்லாம் பொத்துனு விழுவாங்க. அப்புறம் உன் வேலை இருக்காது" என்றார் சூப்பர்வைசர். அமுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே நினைத்து நினைத்து நடுங்கினேன். வருகிறவர்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. காலைத்தான் பார்ப்பேன். தரையில் புரளும் கொசுவத்தைக் கண்டால் ஓடிப்போய்த் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். சாப்பிட உட்கார்ந்தாலும் கை தானாகப் பொத்தானைத் தேடும்.

என் அக்கா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். என்னைப் பிளஸ் டூ வரைக்கும் படிக்க வைத்தவளும் அவள்தான். நகரும் படிக்கட்டைப் பற்றி நான் ஊரில் அளந்த அளப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகப் போன் பண்ணினாள். நான் பதறிவிட்டேன். உப்பளத்துக்காரர்களுக்குக் கால்தான் எல்லாம். ஒரு கீறல் விழுந்தாலும் உப்புத்தண்ணி அதை ஆறவிடாது. புண் ஆறும்வரை பாத்தியில் இறங்க முடியாது, கூலியும் கிடையாது.

"கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கக்கா. கைப்பிடியை விட்டுடாத. படி ஓரத்து மஞ்சக் கோட்டு மேல நிக்காத" என்று போனிலேயே பாடம் நடத்தினேன். கடைசியாக ஒன்று சொன்னேன். "செருப்பை வாசல்லயே கழட்டிடு. தரையெல்லாம் பாழாவும்."

அது பொய். கடைக்குள் யாரையும் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. அவளுடைய செருப்பு எனக்குத் தெரியும். அறுந்த வாருக்கு ஊக்கு குத்தி, உப்பு பூத்துக் கிடக்கும் ரப்பர் செருப்பு. கூட வேலை செய்யும் பெண்கள் அதைப் பார்த்துவிடுவார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிறு கூட்டம் நெரிந்தது. கீழே அவள் தலை தெரிந்ததும் கையைக் காட்டினேன். கையில் மஞ்சப்பை, கொசுவம் கணுக்காலுக்கு மேலே. நான் சொன்னபடியே ஒவ்வொன்றையும் செய்திருந்தாள். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் ஏறி நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். நான் வழக்கம்போல் காலைப் பார்த்தேன். வெறுங்கால்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்புப் பாத்தியில் காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. மிதித்துக் கெட்டியாக்கிய களிமண் தரை பெயர்ந்து உப்பில் மண் கலந்துவிடும். அதனால் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்தே நகர்வார்கள். அக்காவுக்கு ரோட்டிலும் வீட்டிலும் அதே நடைதான். எல்லாம் சொன்ன நான் இதைச் சொல்லவில்லை.

"அக்கா, காலைத் தூக்கி வை! தூக்கி வைக்கா!"

இரைச்சலில் அவள் காதில் விழவில்லை. நான் ஏதோ சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தாள். கடைசிப் படி தரைக்குள் போனது. அவள் காலைத் தேய்த்து நகர்த்தினாள். பெருவிரல் பல் வரிசைக்குள் போனது. பொத்தானை அமுக்கிவிட்டேன். படி குலுங்கி நின்றது. பின்னால் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து கூச்சல் போட்டார்கள். நான் அக்காவைக் கட்டிப் பிடித்து இழுத்தேன்.

விரல் தப்பியது. நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது.

"அக்கா, ரத்தம் வருதுக்கா!"

"எங்கடி?" என்று குனிந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலயே." அத்தனை வருஷம் உப்புத்தண்ணியில் ஊறி மரத்துப்போன கால். பிறகு என் காதருகே வந்து, "பொத்தானை அமுக்கிட்டியே, உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டாள்.

சூப்பர்வைசர் மருந்துப் பெட்டியோடு வந்தார். காலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, செருப்பு போட்டுக்கினு வர்றதில்லையா?" என்று அவளைத்தான் அதட்டினார். அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கட்டுப் போட்டு முடித்ததும் மஞ்சப்பையைத் திறந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்தாள். புத்தம் புதுசு.

"இங்க வர்றதுக்குன்னே வாங்கினேன்டி. நீதான் போட வேணாம்னுட்ட."

ஒரு மாதத்துக்கு மேல் அவள் வேலைக்கு இறங்கவில்லை. அந்தக் கடையில் இருந்தவரை, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரும் ஒவ்வொருவரிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன்: "போட்டுக்கிட்டே வாங்க. காலைத் தூக்கி வையுங்க." அக்கா மட்டும் அதற்குப் பிறகு அங்கே வரவே இல்லை. செருப்பைப் பற்றி நான் சொன்னது பொய் என்று இன்றைக்கு வரை அவளிடம் சொல்லவும் இல்லை.