உமையாள் சிரித்த சிரிப்பு

கமுதிக்குத் தெற்கே ஐந்து ஏக்கரில் மிளகாய் போட்டிருந்த உமையாளுக்கு ஊரில் நல்ல மனுஷி என்று பேர். வேலைக்கு வருகிறவர்களைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அந்தப் பேரை அவளும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள், 1994 மாசி மாதம் வரைக்கும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. களத்தில் வெளுத்த வத்தல் பொறுக்குகிற பெண்களின் வரிசையில் பஞ்சம்மாளும், பக்கத்தில் அவள் மகள் ராக்குவும் இருந்தார்கள். ராக்கு, உமையாளின் மகள் நாகலெட்சுமியோடு ஏழாம் வகுப்பு படிப்பவள். கணக்கில் அவள்தான் முதலாவது.

"ஏம்மா பஞ்சம்மா, பள்ளிக்கூடத்து நாள்ல இவ என்ன இங்கன உக்காந்திருக்கா?"

"இனிமே போகமாட்டாளாம்மா."

"காச்சலா?"

"அதெல்லாம் இல்ல. இவ வகுப்புக்குள்ள நொழஞ்சா பிள்ளைக அம்புட்டும் தும்முதுகளாம். மொளகா வந்துருச்சு, மொளகா வந்துருச்சுன்னு மூக்கப் பொத்திக்கிருதுகளாம். நாலு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சுப் பாத்தா. எஞ்சேலை பட்டா நெடி ஒட்டிக்கிரும்னு இப்ப எம்பக்கத்துல படுக்குறதும் இல்ல."

ராக்கு தலையைத் தூக்கவில்லை.

உமையாளுக்கு வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. பத்து நாளைக்கு முன்னால் நாகலெட்சுமி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று நடித்துக் காட்டியிருந்தாள். ராக்கு எப்படிக் குனிந்தபடி உள்ளே வருவாள், வகுப்பே எப்படிச் சேர்ந்து தும்மும் என்று. "நாந்தான்மா மொதல்ல ஆரம்பிச்சேன்" என்றாள். உமையாளின் புருஷன் வீரபத்திரனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "இன்னொரு தடவ செஞ்சு காட்டுடி" என்று கேட்டவள் உமையாள்தான்.

யார் வீட்டு நெடி அது? உமையாள் வீட்டு வத்தலின் நெடி. அதை விற்ற காசில்தான் நாகலெட்சுமியின் சீருடையும் புத்தகப்பையும் வந்தன. விற்றவர் மகளிடம் நாறாத வத்தல், பொறுக்கியவள் மகளிடம் மட்டும் நாறுமாம்! அந்தப் பிள்ளையின் படிப்பைத் தலைவிதி கெடுக்கவில்லை. பேரும் வீடும் உள்ள மனிதர்கள் கெடுத்தார்கள்.

சாயங்காலம் மகளைப் பிடித்து உலுக்கினாள். "அந்தப் பிள்ளையை ஏண்டி அப்படிச் செஞ்ச?"

"நான் என்ன அடிச்சேனா, கிள்ளுனேனா? நீயுந்தானம்மா சிரிச்ச."

ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது.

"சின்னப் பிள்ளைக விளையாட்டுக்குப் போயி பஞ்சாயத்து வச்சா ஊரு சிரிக்கும்" என்றார் வீரபத்திரன்.

"ஊரு எங்க சிரிச்சுச்சு? நாமதான சிரிச்சோம்."

மகளையும் கூட்டிக்கொண்டு பஞ்சம்மாளின் தெருவுக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"ராக்கு, தப்பு எங்க வீட்டுது. நாளைக்கு வகுப்புல இவ எந்திரிச்சு அதச் சொல்லுவா. நானும் வந்து நிப்பேன். நீ வாத்தா."

ராக்கு அன்றுதான் அவளை நேராகப் பார்த்தாள். "நாளைக்கு நிப்பீங்க. நாளக்கழிச்சு?"

மறுநாள் வகுப்பில் நாகலெட்சுமி அழுதுகொண்டே சொன்னாள். "இவளச் சிரிச்சுச் சிரிச்சு ஏத்திவிட்டது நான்" என்று நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் உமையாளும் சொன்னாள். ராக்குவின் இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் காலிதான். களத்து வேலையைப் போட்டுவிட்டுத் தினமும் காலையில் வகுப்பு வாசலில் போய் உட்கார்ந்தாள் உமையாள். நாலாம் நாள் ராக்கு வந்தாள். முழுப்பரீட்சை முடிகிறவரை இருவரும் வந்தார்கள், ஒருத்தி உள்ளே, ஒருத்தி வாசலில்.

பிறகு வருஷா வருஷம் பெற்றோர் கூட்டத்தில் உமையாள் எழுந்து நின்று ஒன்றையே கேட்டாள்: "பிள்ளை அடிபட்டு வந்தா யாரு அடிச்சான்னு கேக்குறோம். சிரிச்சுக்கிட்டு வந்தா, யாரப் பாத்துச் சிரிச்சேன்னு கேக்குறோமா?"

அடுத்த மாசியில் பஞ்சம்மாள் வேறொருவர் களத்துக்கு வேலைக்குப் போனாள். உமையாள் ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவாள்?