கோழிக்கூட்டுக்கு மூன்று தண்ணீர்

மாயக்காள் தன் கோழிகளுக்குப் பெயர் வைக்கவில்லை, நம்பர் வைத்திருந்தாள். சின்னாளபட்டிப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை அவளுக்கு. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நம்பர் சொல்லிப் பழகிய வாய், வீட்டுக்கு வந்தும் மாறவில்லை. ஒண்ணாம் நம்பர் கறுப்பி. நாலாம் நம்பர் சாம்பல் நிறம், கோபக்காரி. ஆறு பெட்டைக்கும் ஒரே சேவல். காலையில் ஒரு சுற்று வந்து எல்லாரையும் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் போய்விடுவதால் அதற்கு டாக்டரய்யா என்று பெயர். நம்பர் போட்ட ஆளை யாராவது குழம்பு வைப்பார்களா? மாயக்காள் வைக்கவில்லை. முட்டையோடு சரி. ஊரில் சிரித்தார்கள். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

புருஷன் ஆண்டிச்சாமி போனபோது மகளுக்கு நாலு வயது. இருந்த அரை ஏக்கர் வெங்காயக் காட்டைக் கொழுந்தனுக்கு வாரத்துக்கு விட்டுவிட்டு, ஆறு மாதம் ஆயா வேலை பழகப் போனாள். நகம் வெட்டுவது, துணி அவிப்பது, அழுகிறவளை அழ விட்டுவிட்டு ஆக வேண்டியதைப் பார்ப்பது, எல்லாம் அங்கே படித்ததுதான். பிறகு எந்த வீட்டுக்குப் பிரசவம் பார்க்கத் துணைக்குப் போனாலும் முதலில் அந்த வீட்டுக்காரிக்கு ஒரு திட்டு விழும். ஆட்டுக்குட்டியைக் கட்டிலடியில் கட்டாதே, கந்தலை வெயிலில் போடு என்பாள். அப்படிப்பட்டவள் வீட்டில்தான் அது நடந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை மாதத்திலிருந்தே கோழிகள் சரியில்லை. கொண்டை வெளிறிப் போயிற்று. முட்டை குறைந்தது. பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்து முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. மாயக்காள் வேலையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றையும் பிடித்து, வெளிச்சத்தில் இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் வேப்பெண்ணெய் தடவினாள். வசம்பை உரைத்துப் பூசினாள். அவை புரண்டு குளிக்கச் சாம்பல் குவித்து வைத்தாள். வேடசந்தூரிலிருந்து புகையிலைக் காம்பு வரவழைத்துக் கூட்டுக்குள் பரப்பினாள். நாலு நாள் தேவலை போலிருக்கும், மறுபடியும் பழைய கதை. யார் எது சொன்னாலும், "ஏங் கோழி சுத்தம், அதுக வயசாகிப் போச்சு" என்றே முடித்துவிடுவாள்.

மாசியில் மகள் பொன்னழகுக்குத் தலைப்பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. பின்கட்டுத் தாழ்வாரத்தில் காற்று வரும் என்று தூணில் கயிறு கட்டித் தொட்டில் போட்டார்கள். அதே தூணில் ஒரு பக்கம் அடித்து வைத்ததுதான் கோழிக்கூடு. இருபத்தெட்டாம் நாள் பேரனைப் பார்க்க நத்தத்திலிருந்து சம்பந்தி சண்முகவள்ளி வந்தாள். ஒரு கூடைப் புளியோடு பஸ்ஸில் வந்து இறங்கியவள், குழந்தையின் சட்டையை விலக்கினாள். முதுகிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. அவ்வளவுதான். மாயக்காள் வேலை முடிந்து வருவதற்குள் வாசல் நிலையில் வேப்பிலை கட்டியாகிவிட்டது.

"ஆத்தா வந்திருக்கா மதினி. கைகாலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள் சண்முகவள்ளி.

மாயக்காள் கைகாலைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பால் நன்றாகக் குடிக்கிறது. பொட்டில் நீர் கோக்கவில்லை. அம்மையாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் தன் கண்ணை மட்டும் நம்புகிற விஷயமில்லை அது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பினாள். மறுநாள் நர்சம்மா வந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மை இல்ல ஆயா. ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று சொல்லிப் போனாள். சண்முகவள்ளி நம்பவில்லை, வேப்பிலை நிலையிலேயே இருந்தது.

எந்தப் பூச்சி? கண்டுபிடிக்க மாயக்காள் ஒரு காரியம் செய்தாள். காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியில் ஒரு முழம் எடுத்து, சாயங்காலம் தொட்டில் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். இன்னொரு முழத்தைக் கூட்டுக்குள் கோழி உட்காரும் கட்டையில் சுற்றினாள். விடிந்ததும் அவிழ்த்துப் பார்த்தால், இரண்டிலும் மடிப்புக்கு மடிப்பு மிளகுப் பொடி தூவின மாதிரி ஊர்ந்தது. நகத்தால் நசுக்கினாள். ரத்தம். கோழிச் செள்ளு.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பகலெல்லாம் கட்டைச் சந்துக்குள் கிடந்து, இருட்டினதும் வெளியே வந்து குடித்துவிட்டுத் திரும்பி ஒளிந்துகொள்ளும் சனியன் இது. இரண்டு மாதமாக அவள் கோழிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள். நோய் இருந்ததோ கூட்டில். வாயில்லாத ஜீவன்கள் முருங்கையில் ஏறி உட்கார்ந்து அதைத்தான் சொல்லியிருக்கின்றன.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி ஆத்தாளோடு போயிருக்கும். சொன்னால் கோழிகள்தான் குற்றவாளி. மாயக்காள் யோசித்து நிற்கவில்லை. தொட்டிலை அவிழ்த்து முன்கட்டுக்கு மாற்றினாள். தொட்டில் துணியை வென்னீரில் அவித்தாள். பிறகு துணித்துண்டைக் கொண்டுபோய்ச் சம்பந்தி முன்னால் விரித்தாள்.

சண்முகவள்ளி துணியைப் பார்த்தாள். கூட்டைப் பார்த்தாள். "அப்ப அம்புட்டுக் கோழியையும் நைனா முகமது சைக்கிள்ல ஏத்தி விட்டுற வேண்டியதுதான்" என்றாள். வாரத்துக்கு ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து கூடை கட்டிய சைக்கிளில் வந்து கோழி வாங்கிப் போகிறவர் அவர்.

"விக்கிறதுக்கு வழியில்லையே மதினி. நீங்கதான வேப்பில கட்டுனீக? பிள்ளைக்கு மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த வீட்டுலருந்து ஒரு துரும்பு வெளிய போகக் கூடாதுல்ல?"

 கட்டின வேப்பிலையைப் பாதியில் அவிழ்க்கச் சண்முகவள்ளிக்குத் துணிச்சலில்லை. வந்தவளும் தண்ணீர் முடியாமல் ஊர் திரும்ப முடியாது. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். வெள்ளி, செவ்வாய், வெள்ளி என்று மூன்று தண்ணீர். அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, நத்தம் பஸ்ஸுக்கு முன்னால், சண்முகவள்ளியே பேரனை உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பார்ப்பாள். புதிதாக ஒரு பொட்டு இருந்தாலும் ஏழும் சைக்கிளில் ஏறும். இல்லாவிட்டால் கோழியைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

சுண்ணாம்பு அடிக்கலாம், மண்ணெண்ணெய் ஊற்றலாம், புகை போடலாம் என்றால், அம்மை வீட்டில் மூன்றும் ஆகாது. ஆகும் என்றிருந்தது வேப்பிலையும் மஞ்சளும் தண்ணீரும். அது போதும் என்றாள் மாயக்காள். வெள்ளிக்கிழமை குழந்தைக்கு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றியதும், அடுப்பில் அண்டா நிறைய வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்தாள். சண்முகவள்ளி பதறிப்போய், ஆத்தா தண்ணியைக் கொதிக்க வைக்கலாமா என்று தடுக்க வந்தாள்.

"பிள்ளைக்கு வந்தது ஆத்தான்னே வச்சுக்குவோம், வெயில் தண்ணி ஊத்தியாச்சு. கூட்டுக்கு வந்தது செள்ளு. அதுக்குக் கொதிக்கிற தண்ணி. செத்த தள்ளி நில்லுங்க, கால்ல பட்டுறப் போகுது."

கோழிகளைப் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்துவிட்டு, கூட்டைத் தூணிலிருந்து பிரித்து முற்றத்துக்கு இழுத்தாள். புகையிலைக் காம்பு, வைக்கோல், எச்சம் எல்லாவற்றையும் வாரி முற்றத்து மூலைக் குழியில் போட்டு மூடினாள். கொண்டை ஊசியால் சந்து சந்தாகக் கிளறி, செம்பு செம்பாக வென்னீரை ஊற்றினாள். தூணுக்கும் அதே பூசை. பொன்னழகு தாழ்வாரத்தில் உட்கார்ந்து, இத்தனை நாள் என்னைக்கூட இப்படிக் குளிப்பாட்டவில்லையே அம்மா என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை நிம்மதி. கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்க, திங்கட்கிழமை குழந்தையின் இடுப்பில் இரண்டு புதுப் பொட்டு. சண்முகவள்ளி வாசல் பக்கம் பார்த்தபடி, சைக்கிள் மணி அடிக்கிற மாதிரி விரலை மட்டும் ஆட்டிக் காட்டினாள்.

 கொன்றதெல்லாம் மறுபடி எங்கிருந்து வந்தது? யோசித்தபடி மகளுக்குத் தலைவாரிவிட்ட மாயக்காள், சீப்பில் ஒரு ஈரைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். வார்டில் எத்தனை தலைக்குப் பார்த்திருக்கிறாள். பேனைக் கொன்ற அன்றோடு வேலை முடியாது. ஈர் பொரிக்கிற நாள் பார்த்து மறுபடி பார்க்க வேண்டும். கூட்டுச் சந்திலும் தொட்டில் கயிற்று முறுக்கிலும் முட்டை இருந்திருக்கிறது. பொரித்துவிட்டது. அவை பெருத்து முட்டையிடுவதற்குள் இரண்டாம் தண்ணீர் விழ வேண்டும். நாளைக்குச் செவ்வாய்.

இரண்டாம் தண்ணீரில் தொட்டில் கயிறும் வெந்தது. அதன் பிறகு கூட்டுச் சந்துகளைச் சலித்த களிமண்ணால் அடைத்தாள். பட்டை உரிந்த கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வழவழப்பான மூங்கிலை வைத்தாள். கூடு மறுபடி தூணில் ஏறவில்லை. நாலு கால் கொடுத்து முற்றத்தில் தனியாக நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு கொட்டாங்குச்சி வைத்தாள். ஆஸ்பத்திரியில் ரொட்டி வைக்கும் பீரோவுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது போல. இவள் ஊற்றியது வேப்பெண்ணெய். அம்மை வீட்டில் எண்ணெயா என்று சண்முகவள்ளி ஆரம்பித்தாள்.

"வேம்புதான மதினி. ஆத்தா கோவிச்சுக்குவாளா?"

 வெள்ளிக்கிழமை மூன்றாம் தண்ணீருக்கு அண்டாவை அடுப்பில் ஏற்றியது சண்முகவள்ளிதான். அம்மை வீடென்று பத்து நாள் தாளிக்காத குழம்பைத் தின்று சலித்திருந்தவளுக்குக் கூட்டுச் சந்தைக் கிளறுவது பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. கொண்டை ஊசியை மாயக்காளுக்குத் தர மறுத்தாள். அன்று பொழுது சாய, கோழிகள் முருங்கைப் பக்கமே போகவில்லை. நாலாம் நம்பர் முதலில் ஏறி மூலையைப் பிடித்தது. டாக்டரய்யா கடைசியாக, யாரோ அழைத்தது போல நடந்து உள்ளே போனார்.

திங்கட்கிழமை காலை வெயில் வந்ததும் சண்முகவள்ளி பேரனை மடியில் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். விரலிடுக்கு, முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால். மாயக்காள் அடுப்படியில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தாள். பழைய பொட்டெல்லாம் காய்ந்து மங்கியிருந்தன. சண்முகவள்ளி குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு இன்னொரு தடவை பார்த்தாள். அவன் அவள் சேலையை நனைத்தான். எழுந்துபோய் நிலையிலிருந்த வேப்பிலையை அவிழ்த்தாள்.

சேலை மாற்றிப் புளிக்கூடையைக் காலி செய்தவள், அதைக் கையில் வைத்துக்கொண்டே முற்றத்தில் நின்றாள்.

"அந்தச் சாம்பக்கோழிய அடைக்கு வச்சா நல்லாப் பொரிக்கும் போலயே மதினி. குடுங்க, நத்தத்துல வளக்குறேன்."

"நாலாம் நம்பரையா? உங்க வீட்டுக் கோழி எங்க அடையுது?"

"எங்க அடையும்? அடுப்படிச் சுவத்தோரமா, பழைய கதவுப் பலகைல."

மாயக்காள் கூடையை வாங்கி, தன் கொண்டையிலிருந்த ஊசியை எடுத்து அதில் போட்டாள்.

"போய் அந்தப் பலகைக்கு மூணு தண்ணி ஊத்துங்க. ஊத்திட்டுச் சொல்லியனுப்புங்க, நானே கோழியக் கொண்டாரேன்."

சித்திரையில், பொன்னழகு பிள்ளையோடு நத்தம் போய்ச் சேர்ந்த பின், ஊற்றியாயிற்று என்று தகவல் வந்தது. மாயக்காள் ஒரு நாள் லீவு போட்டு, நாலாம் நம்பரை மடியில் வைத்துக்கொண்டு நத்தம் பஸ் ஏறினாள். போய் இறங்கியதும் அவள் முதலில் பார்த்தது பேரனை அல்ல, பலகையின் சந்துகளைத்தான். அதன் பிறகுதான் கோழியை இறக்கிவிட்டாள்.